கும்பாவின் விளிம்பு

பேச வந்த பொருளை அதன் பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். மற்ற ஊர்களில் எப்படியோ, சிவகாசியைத் தன்னுள் வைத்திருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் 'குழந்தை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'தொழில்' என்ற சொல்லை வைத்தால் காதில் விழுவது வேறு. தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிய சின்னக் கைகளும், விடியுமுன்னே ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன பேருந்துகளும் நினைவுக்கு வரும். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஏட்டைவிட்டு இறங்கி ஊருக்குள் வரவே எத்தனையோ ஆண்டுகள் ஆயின. அப்படிப்பட்ட இடத்தில், பிள்ளைக்குத் தொழில் கொடுக்கிற மருத்துவமா என்று ஒருவர் முகம் சுளித்தால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் இலக்கணம் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பழைய பொருள் தெரியும். உண்ணுதல், உடுத்துதல், நடத்தல், சிரித்தல் எல்லாமே தொழிற்பெயர்கள். நடராசர் செய்வதும் ஐந்தொழில்தான். அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஓர் உயிர் தன் பொழுதை எதைச் செய்து நிரப்புகிறதோ அதுவே தொழில். என் கணக்கில் இந்தத் துறைக்கு ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்ப் பெயரே நெருக்கமாகப் பொருந்துகிறது.

பிள்ளையின் தொழில் என்ன? எழுந்து முகம் கழுவுவது, கால்சட்டையை ஏற்றிக்கொள்வது, தட்டிலிருந்து வாய்க்குச் சோற்றைக் கொண்டுபோவது, தெருப்பிள்ளைகளோடு மண்ணில் உருள்வது, சிலேட்டில் கிறுக்குவது, அப்பத்தா கேட்டால் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுப்பது. இவற்றைச் செய்ய முடியாமல் போகும் இடத்திலும், செய்யவிடாமல் வைக்கப்படும் இடத்திலும் தொழில்வழிச் சிகிச்சையாளருக்கு வேலை இருக்கிறது. 1917இல் அமெரிக்காவில் சங்கமாகக் கூடிய இந்தத் துறையை இங்கே கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்த மண்ணின் பெண்ணாகிப் போனவர். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அவர் தொடங்கியதுதான் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளி. 1952இல் அகில இந்தியச் சங்கம் வந்தது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு உருவானபோது இந்தியாவும் நிறுவன உறுப்பினர். ஆக, இது நமக்குப் புதிய சரக்கில்லை. ஆனால் பிறந்த இடம் பெருநகரத்து மருத்துவமனை என்பதால் நெடுங்காலம் அதன் உருவமும் அதுவாகவே இருந்துவிட்டது. மெத்தை விரித்த அறை, பெரிய ரப்பர் பந்து, மேசைமேல் கோக்க வைத்த மணிகள், வாரத்துக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம். இந்த மாவட்டத்து நரிக்குடிப் பக்கத்திலிருந்து அந்த அறைக்குப் போய்வர ஒரு தாய்க்கு ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் கட்டணம் போகும், இடுப்பும் போகும்.

மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போகும் தாயிடம் சொல்லப்படும் வாக்கியம் ஒன்று உண்டு. "கொஞ்சம் நடக்க வரட்டும்மா, ஒண்ணுக்கு ரெண்டுக்குச் சொல்லத் தெரியட்டும், அப்புறம் சேத்துக்கிடலாம்." கெட்ட மனத்தோடு சொல்வதில்லை, பல நேரம் பரிவோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பரிவுக்குள் ஒரு கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது: முதலில் சிகிச்சை, பிறகு சேர்க்கை. உடம்பு தேறினால்தான் வாழ்க்கை தொடங்கும் என்ற கணக்கு. கடந்த இருபதாண்டு ஆராய்ச்சி இந்த வரிசை தவறு என்று காட்டுகிறது. இதுதான் நான் சொல்ல வந்தது. பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து வாழும் பொழுதிலும் இடத்திலும்தான் சிகிச்சை பலிக்கிறது. சேர்க்கையைத் தள்ளிப்போட்டால் சிகிச்சையின் நிலத்தையே தரிசு போட்டுவிடுகிறோம்.

இதற்கு முதல் அடித்தளம் 2001இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பன்னாட்டு வகைப்பாடு. இயலாமை என்பது நரம்பிலும் தசையிலும் மட்டும் இல்லை. செய்ய முடிகிற செயல், பங்கெடுக்கிற வாழ்க்கை, சுற்றியிருக்கிற சூழல் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது என்று அது வரையறுத்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ரோசன்பாம், யான் வில்லம் கோர்ட்டர் இருவரும் அதையே 2012இல் ஆறு சொற்களில் எளிமையாக்கினார்கள். ஆங்கிலத்தில் ஆறும் ஒரே எழுத்தில் தொடங்கும். தமிழில் அந்த வித்தை வராது. செயல், குடும்பம், உடல்வலு, குதூகலம், தோழமை, எதிர்காலம். நம் மருத்துவ முகாம்களில் நிரப்பப்படும் படிவங்களில் முதல் சொல்லுக்குப் பாதி இடமும் மூன்றாவதற்குக் கொஞ்சம் இடமும் இருக்கும். பிள்ளைக்குக் கூட்டாளி யார் என்று கேட்கும் கட்டம் அநேகமாக இருக்காது.

வரையறை மட்டும் போதுமா, சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். கனடாவின் மேரி லாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையின் போக்கையே திருப்பியது. சிகிச்சையாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாக்கினார்கள். அவர்களிடம் வந்தவர்கள் மூளை முடக்குவாதம் உள்ள, ஆறு வயது நிரம்பாத 128 குழந்தைகள். ஓர் அணி பிள்ளையின் உடம்பை எடுத்துக்கொண்டது: இறுகிய தசையைத் தளர்த்துவது, நிற்கும் முறையைத் திருத்துவது, கையசைவைப் பழக்குவது. மற்ற அணி பிள்ளையின் உடம்பைத் திருத்தவே முயலவில்லை. பிள்ளை செய்ய ஆசைப்படுகிற வேலை எது, அதற்குக் குறுக்கே நிற்பது எது என்று பார்த்து அந்தத் தடையை மாற்றியது: நாற்காலியின் உயரம், கதவின் கைப்பிடி, சட்டையின் பொத்தான், வேலையைச் செய்யும் முறை. ஆறு மாதம் கழித்து அளந்து பார்த்தால் இரண்டு அணிப் பிள்ளைகளும் முன்னேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. உடற்பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் சொல்லிவிடாதீர்கள். இரண்டும் சமம் என்பதுதான் கண்டுபிடிப்பு. ஆனால் அந்தச் சமம் டொரொன்டோவில் இருப்பவருக்கு ஒரு பொருளும் நம் மாவட்டத்துத் திருச்சுழியில் இருப்பவருக்கு இன்னொரு பொருளும் தரும். தசையை வாரந்தோறும் கையில் எடுத்துப் பழக்க ஒரு நிபுணர் பக்கத்திலேயே வேண்டும். எதை மாற்றுவது என்று நிபுணர் ஒரு முறை வந்து கண்டுசொல்லிவிட்டால், மாற்றும் வேலையை ஊர்க் கொத்தனாரும் தச்சரும் தையல்காரரும் செய்துவிடலாம்.

இந்த ஒரு சோதனை மட்டும் என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக், இங்க்ரிட் ஹோனனோடு சேர்ந்து 2019இல், குழந்தைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சை பற்றிய 129 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துச் சலித்தார். போக்குவரத்து விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். பச்சையில் வந்தவற்றுக்குள் ஓர் ஒற்றுமை இருந்தது. பிள்ளைக்கு வேண்டிய ஒரு வேலையை இலக்காக வைத்துக்கொண்டு, பிள்ளையே முயன்று, அந்த வேலை நடக்கும் இடத்திலேயே, திரும்பத் திரும்பச் செய்து பழகுவது. பெற்றோருக்குப் பழக்கி வீட்டிலேயே செய்யவைக்கும் திட்டங்களும் பச்சைதான். சிகிச்சையாளர் கைபிடித்து அசைத்துக்கொடுக்க, பிள்ளை சும்மா படுத்திருக்கும் முறைகள் பல மஞ்சளுக்கும் சிவப்புக்கும் போயின. காரணம் நமக்குப் புரியாததில்லை. நீச்சல் பழகக் கிணற்றில் இறங்க வேண்டும். திண்ணையில் குப்புறப் படுத்துக் கைகாலை உதைத்தால் திண்ணையில் உதைப்பதுதான் வரும். பந்தின்மேல் உட்கார்ந்து பழகிய நிதானம் தானாகப் போய்க் கழிப்பறையில் உட்காரும் நிதானமாக மாறிக்கொள்வதில்லை. எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையைத்தான் பழக வேண்டும்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கையிறுக்கம் உள்ள நாலு வயதுப் பிள்ளை தரையில் உட்கார்ந்து சாப்பிட முயல்கிறது. முன்னால் எவர்சில்வர் தட்டு. சோற்றை விரலால் தள்ளினால் தட்டு நகர்கிறது. தட்டைப் பிடிக்க இன்னொரு கை வரவில்லை. சோறு விளிம்பைத் தாண்டிக் கொட்டுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாச்சி பொறுக்கமாட்டாமல் உருட்டி ஊட்டிவிடுகிறாள். சிகிச்சைக் கருவி விற்கும் கடைகளில் இதற்கென்றே தட்டு இருக்கிறது: ஒரு பக்கம் உயர்ந்த விளிம்பு, அடியில் வழுக்காத ரப்பர். அதை வாங்கச் சொல்லி எழுதிக்கொடுப்பது ஒரு வகை வைத்தியம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கும்பாவைக் கீழே இறக்குவது இன்னொரு வகை. கம்மங்கூழும் கரைத்த சோறும் குடித்த அந்தப் பாத்திரத்துக்குச் சுற்றிலும் எழும்பிய சுவர் உண்டு. விரல் தள்ளும் சோறு சுவரில் முட்டி மேலேறிக் கைக்கு வரும். அடியில் ஈரத்துணியை நாலாக மடித்துப் போட்டால் நகராது. ரசஞ்சோற்றைவிடக் களி உருண்டை இறுகிய விரல்களுக்குப் பிடிபடும். முதுகுக்குச் சுவரும் பக்கத்துக்குச் சுவரும் கிடைக்கும் மூலையில் உட்காரவைத்தால் இடுப்பு நிலைக்கும்; இடுப்பு நிலைத்தால் கைக்கு விடுதலை. பாதி வயிற்றுக்குப் பிள்ளை தானே தின்று, மீதியை அம்மாச்சி ஊட்டட்டும். அந்தப் பாதிதான் சிகிச்சை. தினம் மூன்று வேளை, கட்டணமில்லை, பேருந்தில்லை. ஆனால் கும்பா, ஈரத்துணி, மூலை, களி என்ற நாலையும் இந்தப் பிள்ளைக்கு இந்த வரிசையில் என்று கோத்துச் சொல்ல, படித்த கண் ஒன்று வேண்டியிருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பாட்டி வைத்தியம் என்று இதைக் கொண்டாடிவிடக் கூடாது.

இந்தச் சாப்பாட்டுக் காட்சியிலேயே இன்னொரு சிக்கலும் தெரிகிறது. உலகெங்கும் பயன்படும் அளவைப் படிவங்கள் பிள்ளை கரண்டி பிடிக்கிறதா, முள்கரண்டி பிடிக்கிறதா, ஜிப்பை இழுக்கிறதா என்று கேட்கின்றன. கையால் உண்ணும், குந்தி உட்காரும், செம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் பிள்ளையின் நாள் அந்தப் படிவத்துக்குள் அடங்காது. அந்தப் படிவம் கேட்காத வேலை ஒன்றாக, அருப்புக்கோட்டை மல்லிகையைத் தொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை மொட்டைப் பிடிக்க, மறு கை நாரைச் சுற்றி முடிச்சிட வேண்டும். ஒரு பக்கக் கை மட்டும் பலவீனமாக உள்ள பிள்ளைகளுக்கு இரு கையையும் சேர்த்துப் பழக்கும் முறை ஆய்வுகளில் உறுதிப்பட்டது. அதற்குப் பூத்தொடுப்பதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. தாய் தொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பத்து மொட்டை எடுத்துக்கொடுப்பது விளையாட்டும் தோழமையும் பழக்கமும் ஒன்றான பொழுது. முழத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வந்த நொடியில் அது முன்பே நாம் பயந்த 'தொழில்' ஆகிவிடும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள்.

வீட்டுக்கு வெளியே வந்தால் மண் இருக்கிறது. இது கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் உளையாகிக் காலைப் பிடித்து இழுக்கும், வருஷம் முழுக்க வேலிமுள் கிடக்கும். மருத்துவமனை வழவழப்புத் தரைக்குச் செய்த சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் இங்கே நூறடி போகாது. முகாமில் வாங்கிய நாற்காலியில் துவைத்த துணி காய்கிறது என்றால் குடும்பத்தைத் திட்டிப் பயனில்லை. அதே தெருவில் ஏழெட்டுக் குடத்தைச் சுமந்துகொண்டு தண்ணீர்த் தள்ளுவண்டி ஓடுகிறது, பாருங்கள். அதைச் செய்த பட்டறைக்காரருக்கு இந்த மண்ணுக்கு எந்தச் சக்கரம் தாங்கும் என்று தெரியும். அவரிடம் போய்ப் பிள்ளை பிடித்து நடக்கிற வண்டி ஒன்றின் அளவைச் சொல்லி விளக்கிய நிபுணர் எத்தனை பேர்? சிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் பழைய அட்டையையும் காகிதத்தையும் பசைபோட்டு அடுக்கி, பிள்ளைகள் ஏறி உட்காரும் உறுதியான நாற்காலிகள் செய்யும் முறையை வளர்த்தார். நம்மிடம் அட்டைப்பெட்டிக்கும் பஞ்சமில்லை, சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசைக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்துச் சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். வராந்தா ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். ஐந்தடியில் முடித்துவைத்தால் அது பிள்ளை சறுக்கி விளையாடத்தான் ஆகும். பதினெட்டு அடியும் சரியாகக் கட்டி, இறங்கும் இடத்தில் உளையை விட்டுவைத்தாலும் அதே கதிதான்.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்று நீங்கள் சொல்லும்போது அதைச் செய்யப்போவது யார் என்று ஒரு பெண் எழுந்து கேட்டால் நான் தலைகுனியத்தான் வேண்டும். காட்டு வேலை, நூறு நாள் வேலை, மில் வேலை, தண்ணீர், அடுப்பு எல்லாம் முடித்தபின் மிஞ்சும் பொழுதில் சிகிச்சையாளர் வேலையையும் தாய் தலையில் ஏற்றுவதற்கு 'குடும்பத்தை மையமாகக் கொண்ட சேவை' என்று அழகான பெயர் வைத்துவிடலாம். ஆராய்ச்சி சொல்வதைச் சரியாகக் கேட்டால் ஒரு வழி தெரிகிறது. நோவாக் 2009இல் 36 குழந்தைகளைக் கொண்டு வீட்டுத் திட்டத்தைச் சோதித்தபோது, எட்டே வாரத்தில் மாற்றம் தெரிந்தது. குடும்பங்கள் ஒரு வேளைக்குச் செலவிட்டது ஏறத்தாழக் கால் மணி நேரம், அதுவும் தினமும் இல்லை. அந்தத் திட்டத்தின் இலக்கைத் தீர்மானித்தவர்கள் பெற்றோர். இதுதான் வேறுபாடு. தாயின் நாளில் புதிதாக ஒரு மணி நேரத்தைக் கேட்கும் திட்டம் ஒரு மாதத்தில் செத்துவிடும். எப்படியும் நடக்கப்போகும் குளியலுக்குள்ளும் சாப்பாட்டுக்குள்ளும் புகுந்துகொள்ளும் திட்டம் பிழைக்கும். அப்பனுக்கும் அண்ணனுக்கும் அதில் பங்கு எழுதப்படாவிட்டால் நான் அதைக் குடும்பத் திட்டம் என்று சொல்லமாட்டேன்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு இன்னொன்று. இதெல்லாம் ஏழைக்கென்று வைத்த மலிவுச் சரக்கு. சென்னைப் பிள்ளைக்கு நிபுணர், திருச்சுழிப் பிள்ளைக்குக் கும்பாவும் அட்டையுமா? சேமிக்க நினைக்கும் அரசுக்கு நீங்கள் வாதம் எடுத்துக்கொடுக்கிறீர்கள் என்பார்கள். இந்த ஆபத்து உண்மையானது. விடையை ஆராய்ச்சியின் நிபந்தனைகளிலேயே தேட வேண்டும். மேரி லாவின் சோதனையில் சூழலை மாற்றிய அணியிலும் இருந்தவர்கள் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள்தான். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான குலுக்கல் சோதனையில், மருத்துவம் படிக்காத உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குப் பழக்கியபோது, பிள்ளையோடு பெற்றோர் இசைந்து பழகும் விதத்தில் தெளிவான முன்னேற்றம் வந்தது. ஆனால் அந்தப் பணியாளர்களுக்குப் பின்னால் தொடர்ந்து மேற்பார்வை இருந்தது. நமக்குப் பக்கத்தில் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இதே வழியில்தான் போகிறது. ஊர்ப் பெண்களே மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடு தேடிப் போகிறார்கள். கைப்பேசிச் செயலி வழியாக நிபுணர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து முடிவுகளைப் பன்னாட்டு இதழ்களிலும் வெளியிட்டிருக்கிறார்கள். நிபுணர் இல்லாமல் நடத்தலாம் என்று இந்த அனுபவங்களில் ஒன்றும் சொல்லவில்லை. நிபுணர் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகின்றன. ஒரு வட்டாரத்துக்கு ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர், இருசக்கர வண்டியோடு, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் போகிறவராக நியமிக்கப்பட வேண்டும். அவரை நியமிக்காமல் கும்பாவை மட்டும் பரிந்துரைத்தால் அந்த மறுப்பு முழுக்க நியாயம்.

அமைப்புகள் இல்லை என்று சொல்ல முடியாது. 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். கண்டறிந்த பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு வந்த உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' மையங்கள் திறக்கப்படுகின்றன. பெயர் நன்றாக இருக்கிறது; விழுது என்பது மரத்திலிருந்து மண்ணுக்கு இறங்கி வருவது. இறங்கி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் ஏற்கெனவே முப்பது நாற்பது பிள்ளைகள், இதில் இவனையும் எப்படிப் பார்ப்பது என்ற ஆசிரியரின் குறை பொய்யில்லை. உச்ச நீதிமன்றமே 2021இல், தொடக்கப்பள்ளியில் மாற்றுத்திறனுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் ஆசிரியர் நினைத்துக்கொண்டிருக்கும் 'இவன்' ஒருவன்தானா? இந்தியாவின் ஐந்து பகுதிகளில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையான 3,964 குழந்தைகளை நேரில் பரிசோதித்து 2018இல் வெளியான ஆய்வு, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு நரம்புவளர்ச்சிக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து யுனெஸ்கோ 2019இல் சொன்னதோ, குழந்தைகளில் 1.7 சதவீதம் மட்டுமே. இரண்டும் ஒரே நாட்டைப் பற்றிய எண்கள்தான். இடையில் காணாமல்போனவர்கள் வகுப்பறையின் கடைசி வரிசையில் இருக்கிறார்கள்: ஒரு காது மந்தமானவள், எழுத்தைக் கூட்டத் திணறுபவன், பென்சிலைப் பிடிக்கத் தெரியாமல் 'கோழி கிண்டுன கையெழுத்து' என்று அடிவாங்கியவன். கனடாவில் தொழில்வழிச் சிகிச்சையாளரைத் தனியறையிலிருந்து எழுப்பி வகுப்பறைக்குள் ஆசிரியரின் கூட்டாளியாக நிறுத்திய முறையை செரில் மிசியூனா குழுவினர் வளர்த்தது இப்படிக் கைத்தடுமாற்றம் உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான். பென்சிலுக்குத் துணி சுற்றித் தடிமனாக்குவது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைப் பாதியாகக் குறைப்பது, கால் தரையில் படும்படி பெஞ்சைத் தாழ்த்துவது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிய ஒருவனுக்காகச் செய்த மாற்றத்தில் சான்றிதழ் இல்லாத ஐந்து பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். அதே யுனெஸ்கோ அறிக்கை சொல்வது இன்னொன்று: மாற்றுத்திறனுள்ள ஐந்து வயதுப் பிள்ளைகளில் நால்வரில் மூவர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போவதில்லை. ஐந்து வயது! முதலில் தேறட்டும் என்று காத்திருக்கவைத்த வயது அது. கடும் பாதிப்புள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி என்ற வாய்ப்பை 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தின் திருத்தம் தந்தது. அது தாய் தேர்ந்தெடுக்க வேண்டிய வாய்ப்பு, பள்ளி தள்ளிவிடும் வாசல் ஆகக் கூடாது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைக் குடும்பத்திடமே கொடுத்திருக்கிறது.

தானே உண்பது, தானே உடுத்துவது என்று பேசுவதெல்லாம் வெள்ளைக்காரன் கண்ட தனிமனிதச் சித்தாந்தம், நம் வீடுகளில் ஊட்டிவிடுவதுதான் பாசம் என்ற மறுப்பும் உண்டு. கனடாவின் கேரன் வாலி ஹாம்மெல் தம் துறைக்குள்ளிருந்தே இதைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். மனிதர் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வதைக் குறையாகப் பார்க்கும் கண் மேற்கத்தியக் கண் என்பது அவர் குற்றச்சாட்டு. நான் அதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சார்ந்து வாழ்வது என்றால் இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். அம்மாச்சி ஊட்டுகிறாள், பிள்ளை அவளுக்கு வெற்றிலைச் செல்லத்தை நகர்த்திக் கொடுக்கிறது. அந்த இரண்டாவது பாதி இல்லாத வீட்டில் நடப்பது பராமரிப்பு மட்டும். நடக்கவே போகாத, பேசவே போகாத பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம், எந்தச் சட்டை போடலாம் என்று கண்ணால் காட்டுவதும் தொழிற்பெயர்தான்.

கடைசியாகச் சான்றிதழ். குறைபாடு நாற்பது சதவீதம் என்ற கோட்டைத் தொட்டால் சலுகை. கடும் பாதிப்பு என்று பதிவானால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. மானாவாரி வெள்ளாமையை நம்பியிருக்கும் வீட்டில் அந்த இரண்டாயிரம்தான் தவறாமல் வரும் பணம். பிள்ளை தேறினால் புதுப்பிக்கும்போது சதவீதம் குறைந்துவிடுமோ என்று தாய் பயப்படுகிறாள். பயப்படும் தாய் சிகிச்சைக்கு எதிரி என்று நாம் எழுதிவைக்கிறோம். உடம்பின் குறையை மட்டும் அளந்து பணம் கொடுத்தால் குறையைக் காப்பாற்றத்தான் குடும்பம் பழகும். அந்த அளவுகோலை மாற்றுவது தில்லியிலும் சென்னையிலும் நடக்க வேண்டிய வேலை. அதுவரை இங்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வட்டார வள மையத்தின் வருகைப் பதிவேட்டில் இப்போது தேதி, பயிற்சியின் பெயர், பெற்றோர் கையெழுத்து என்று கட்டங்கள் போடுகிறோம். அதில் இன்னும் மூன்று கட்டம் கோடு போட்டுச் சேர்க்கலாம்: நேற்று பிள்ளை எதைச் செய்தது, எங்கே செய்தது, கூட யார் இருந்தார்கள். மூன்றாவது கட்டத்தில் மாதக்கணக்காக 'அம்மா' என்று மட்டுமே எழுதியிருந்தால், அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும் பணியாளர் பந்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். எதிர்வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.